பாம்புக்கடி மருந்தும் ஒரு டேட்டா பிரச்சினையும்

இந்த எபிசோடை இலத்தூர்ல உட்கார்ந்து பேசறேன். தென்காசி, செங்கோட்டைக்குப் பக்கத்து ஊர். மேற்கே மலை, சுத்தி வயக்காடு. சாரல் நேரம், பின்னாடி மழைச் சத்தம் கேட்டா அப்படியே விட்டுருங்க.

சீசன்னு சொன்னா சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிற உங்களுக்குக் குற்றாலத்து அருவி ஞாபகம் வரும். இங்க உள்ளவங்களுக்கு அது ராத்திரி வரப்புல டார்ச் இல்லாம நடக்கக் கூடாத மாசமும்கூட. இந்திய அளவுல பாம்புக்கடிச் சாவுகள் அதிகமா நடக்கிறது ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும். அதனால இன்னைக்குப் பாம்புக்கடி. பாம்பைப் பத்தின பயங்கரக் கதை எதுவும் இல்ல. கடிச்ச பிறகு ஆஸ்பத்திரியில போடற அந்தச் சின்ன பாட்டிலைப் பத்தி பல்கலைக்கழகங்கள் என்ன கண்டுபிடிச்சிருக்குன்னு பார்ப்போம்.

முதல்ல ஒரு கேள்வி. இந்தியாவுல வருஷத்துக்கு எத்தனை பேர் பாம்பு கடிச்சு இறக்கிறாங்க? ரொம்ப நாளா அரசுக் கணக்குல இருந்த எண்ணிக்கை ஆயிரத்துச் சொச்சம். அது ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்ல வந்த சாவுகள் மட்டும். டொரொண்டோ பல்கலைக்கழகத்தோட சேர்ந்த பிரபாத் ஜா குழு வேற வழியில போனாங்க. இறந்தவங்க வீட்டுக்கே ஆள் அனுப்பி, எப்படி இறந்தாங்க, என்ன அறிகுறி இருந்துச்சுன்னு குடும்பத்துக்கிட்ட கேட்டு, அதை டாக்டர்கள் படிச்சு காரணத்தை முடிவு பண்ணாங்க. ‘மில்லியன் டெத் ஸ்டடி’ன்னு பேரு. 2011-ல வந்த முடிவு: 2005-ல மட்டும் ஏறக்குறைய 46,000 பேர். 2020-ல இன்னும் பெரிய டேட்டாவோட திரும்பப் பார்த்தப்போ, 2000 முதல் 2019 வரைக்கும் மொத்தம் சுமார் 12 லட்சம் பேர். சராசரியா வருஷத்துக்கு 58,000.

2011 ஆய்வுல இன்னொரு எண் இருக்கு, எனக்கு அதுதான் ரொம்ப உறுத்துச்சு. இறந்தவங்கள்ல 77 சதவீதம் பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியில இறந்திருக்காங்க. வீட்டுல, வழியில, மந்திரிக்கிறவர் திண்ணையில. அதாவது, ரெஜிஸ்டரை நம்பி உட்கார்ந்திருந்தா நாலுல மூணு பேர் கண்ணுலயே பட மாட்டாங்க. லாக் ஆகாத எரர் நடக்கவே இல்லைன்னு நினைக்கிற டீம் மாதிரி.

சரி, பாட்டிலுக்கு வருவோம். விஷமுறிவு மருந்து எப்படிச் செய்யறாங்க? பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஏத்துவாங்க. குதிரை உடம்பு எதிர்ப்புப் பொருள் தயாரிக்கும். குதிரை ரத்தத்துல இருந்து அதைப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, பவுடராக்கி பாட்டில்ல அடைப்பாங்க. நம்ம நாட்டு மருந்து நாலு பாம்புக்கு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன்.

அந்த விஷம் எங்க இருந்து வருது? பெரும்பகுதி நம்ம தமிழ்நாட்டுல இருந்துதான். ஈசிஆர்ல, வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள்ள இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். பாம்புத்தோல் வியாபாரம் தடையானதும் இருளர்களோட பிழைப்பு போச்சு. ரோமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து 1978-ல இதை ஆரம்பிச்சாங்க. பாம்பைப் பிடிச்சு மூணு நாலு வாரம் வெச்சு, நாலு தடவை விஷம் எடுத்து, வயித்துச் செதில்ல ஒரு அடையாளம் போட்டுத் திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. 2023-ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ குடுத்தாங்க. இத்தனை கோடி பேர் உயிர் இவங்க கைவேலையை நம்பி இருக்குங்கிறது நாட்டுல பாதிப் பேருக்குத் தெரியாது.

ஆனா இதுல ஒரு சிக்கல், அது அவங்க தப்பு இல்ல. சங்கம் பாம்பு பிடிக்கிறது செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் சுத்துவட்டாரத்துல. மருந்து போறது ராஜஸ்தான், வங்காளம், பஞ்சாப் எல்லாத்துக்கும். மெஷின் லேர்னிங் பக்கம் இருக்கிறவங்களுக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். ஒரே வட்டாரத்து டேட்டாவுல மாடலை டிரெய்ன் பண்ணி, நாடு முழுக்க டிப்ளாய் பண்ணியாச்சு.

ஒரே இனம்தானே, விஷமும் ஒண்ணுதானேன்னு கேக்கலாம். அங்கதான் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல கார்த்திக் சுனகர் ஆய்வகம் வருது. 2019-ல இருந்து வரிசையா கட்டுரைகள். வேற வேற மாநிலத்துப் பாம்புகளோட விஷத்தை எடுத்து, அதுல என்னென்ன புரதம் எவ்வளவு இருக்குன்னு பார்த்து, கடையில விக்கிற மருந்து அதை எவ்வளவு முறிக்குதுன்னு சோதிச்சாங்க. ஒரே நல்ல பாம்பு, ஒரே கண்ணாடி விரியன்தான். ஆனா ஊருக்கு ஊர் விஷத்தோட கலவை மாறுது. சில இடத்து விஷத்துக்கு மருந்து லேபிள்ல சொன்ன அளவுக்குக் கேக்கல. நாலு பாம்பு லிஸ்ட்லயே இல்லாத மத்த இனங்களுக்கு நிலைமை இன்னும் மோசம்.

2025-ல அதே குழு இன்னொண்ணு பண்ணாங்க. 34 இடங்கள்ல இருந்து 115 கண்ணாடி விரியன்களோட விஷத்தை எடுத்து, அந்தந்த இடத்தோட வெப்பம், மழை அளவோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. வறண்ட பகுதிப் பாம்புகள்ல புரதத்தைச் சிதைக்கிற நொதிகள் கூடுதல். விஷம் எப்படி இருக்கும்னு தட்பவெப்பத்தை வெச்சு ஓரளவு கணிக்கலாம்னு வரைபடம் போட்டிருக்காங்க. நம்ம பக்கத்துக்கு இது லேசான விஷயம் இல்ல. செங்கோட்டைக் கணவாய்ல சாரல் அடிக்கும்போது கிழக்கே கொஞ்ச தூரத்துல சங்கரன்கோவில் கரிசல் காஞ்சு கிடக்கும். ஒரே மாவட்டத்துக்குள்ள அவ்வளவு வித்தியாசம்.

மலையடிவாரத்துக்குன்னே தனியா ஒரு ஆள் இருக்கான். மூக்கு நுனி மேல தூக்கிக்கிட்டு நிக்கிற குட்டையான குழிவிரியன். ஆங்கிலத்துல ஹம்ப் நோஸ்டு பிட் வைப்பர். மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இலங்கையிலயும் இருக்கு. இலங்கையில அதிகம் கடிக்கிற பாம்புகள்ல இது ஒண்ணு. ரொம்ப நாளா இது பெருசா ஒண்ணும் செய்யாதுன்னு நம்பிட்டு இருந்தாங்க. 2007-ல கேரள டாக்டர்கள், ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டேவிட் வாரெல் உட்பட ஒரு குழுவோட சேர்ந்து, இது உயிருக்கே ஆபத்து உண்டாக்கின கேஸ்களை உறுதிப்படுத்தி வெளியிட்டாங்க. ரத்தம் உறையாமப் போறது, கிட்னி பாதிப்பு எல்லாம் இருந்துச்சு. முன்னாடி இதைச் சுருட்டை விரியன்னு தப்பா நினைச்சு விஷமுறிவு மருந்து குடுத்திருக்காங்க, பலன் இல்ல. ஏன்னா பாட்டில்ல இதுக்கான மருந்தே கிடையாது. இன்னைக்கும் இல்ல. டயாலிசிஸ் மாதிரி துணைச் சிகிச்சைதான்.

வரலாற்றுல இது புதுசும் இல்ல. 1890-கள்ல ஆல்பர்ட் கால்மெட் நாகப்பாம்பு விஷத்தை வெச்சு முதல் சீரம் செஞ்சப்போ, எல்லாப் பாம்புக்கும் இது வேலை செய்யும்னு சொன்னார். ஆஸ்திரேலியாவுல சார்லஸ் மார்ட்டினும், பம்பாய்ல ஜார்ஜ் லாம்பும் சோதிச்சுப் பார்த்து, இல்லைன்னு காட்டினாங்க. கண்ணாடி விரியனுக்கு அது கேக்கவே இல்ல. நூத்தி இருபது வருஷமா ஒரே பக், வெர்ஷன் மட்டும் மாறுது.

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமாக் கேளுங்க. ‘அப்போ மருந்து வேஸ்ட், எதுக்கு ஆஸ்பத்திரி’ன்னு வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஒண்ணு இதுல இருந்து கிளம்பும். அது அபத்தம். குறை இருக்கிற இந்த மருந்துதான் இன்னைக்கு நம்மகிட்ட இருக்கிற ஒரே மருந்து. அதைச் சரியான நேரத்துல வாங்கினவங்க பிழைச்சு வீட்டுக்கு வர்றாங்க. ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்த அந்த 77 சதவீதம் பேருக்கு எந்த பாட்டிலும் போய்ச் சேரல.

நேரம் ஏன் முக்கியம்னு கட்டு விரியன் வெச்சுச் சொல்றேன். அது ராத்திரி, தரையில படுத்திருக்கிறவங்களைக் கடிக்கும். வலி தெரியாது, வீக்கம் வராது. விடியக்காலையில வயித்து வலி, இமை தூக்க முடியல, பேச்சு குழறுது. வீட்டுல ‘ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கல’ன்னு சோடா வாங்கிக் குடுப்பாங்க. அதுக்குள்ள விஷம் நரம்பு முனைகளையே சிதைச்சிடும். அதுக்கப்புறம் மருந்து போட்டாலும் சிதைஞ்சது உடனே திரும்பாது. முனைகள் வளர்ந்து வர்ற வரைக்கும் வென்டிலேட்டர்தான் மூச்சு.

கண்ணாடி விரியன் வேற மாதிரி. ரத்தத்தை உறைய வைக்கிற பொருள்களைத் தூண்டிவிட்டே தீர்த்துடும். கடைசியில உறையறதுக்கு எதுவும் மிச்சம் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் செய்யற டெஸ்ட் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சுத்தமான, காஞ்ச கண்ணாடிக் குழாய்ல 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாம 20 நிமிஷம் வெச்சு, சாய்ச்சுப் பார்க்கணும். தண்ணி மாதிரி ஓடினா விஷம் ஏறியிருக்கு. மெஷின் வேண்டாம், கரண்டு வேண்டாம். ஆனா பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்புத் தூள் போட்டுக் கழுவினதும் கூடாது. ரிசல்ட் தப்பா வரும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் செய்யலாம்.

பாட்டில் கணக்கும் கேளுங்க. ஒரு பாட்டில் 10 மில்லி. ஒரு மில்லி, 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கணும்னு தரம். அந்தப் பாம்பு ஒரு கடியில சராசரியா 60 மில்லிகிராம் சொச்சம் இறக்கும். அதனாலதான் எடுத்த எடுப்புல 10 பாட்டில் வரைக்கும் ஏத்தறாங்க. குதிரைப் புரதம் ஆச்சே, சிலருக்கு அலர்ஜி பயங்கரமா வரும். அட்ரினலின் ஊசி பக்கத்துலயே தயாரா இருக்கணும். வீட்டுல வாங்கி வெச்சுப் போட்டுக்கலாமான்னு கேக்கிறவங்களுக்கு இதுதான் பதில்: கூடவே கூடாது.

அடுத்து என்ன வருதுன்னு வேகமாச் சொல்லிடறேன். 2024-ல ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் சுனகர் குழுவும் லிவர்பூல்காரங்களும் சேர்ந்து, நாக வகை, மாம்பா, கட்டு விரியன் வகைகள்ல பொதுவா இருக்கிற ஒரு நரம்பு நச்சை முறிக்கிற ஆன்டிபாடியை வெளியிட்டாங்க, எலிகளைக் காப்பாத்துச்சு. 2025 ஜனவரியில நோபல் வாங்கின டேவிட் பேக்கரோட ஆய்வகம், கம்ப்யூட்டர்லயே வடிவமைச்ச புரதங்களால இதே மாதிரி நச்சுகளை முறிச்சுக் காட்டினாங்க. குதிரையே வேண்டாம். வேற நோய்க்காகக் கண்டுபிடிச்ச வாரெஸ்பிளாடிப்னு ஒரு மருந்தை இந்தியாவுல மனுஷங்ககிட்டயே சோதிச்சாங்க. முக்கிய இலக்கை எட்டல, ஆனா சீக்கிரமே எடுத்துக்கிட்டவங்ககிட்ட நல்ல அறிகுறி தெரிஞ்சுது. எல்லாம் நல்ல செய்தி. எதுவும் இந்த வருஷச் சாரலுக்கு வராது.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய செய்தியாப் படறது 2024 நவம்பர்ல தமிழ்நாடு அரசு பண்ணது. பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சாங்க. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, ஒவ்வொரு கடியும் பதிவாகணும். எந்த ஊர்ல, எந்த மாசம், எத்தனை பாட்டில் ஏத்தினாங்கன்னு ஒழுங்கா வந்தா, மலையடிவாரத்துல மருந்து கேக்காத கேஸ் எத்தனைன்னு முதல் தடவையா எண்ணிப் பார்க்கலாம். அதுக்குக் கடிபட்டவங்க ஆஸ்பத்திரிக்கு வரணும்.

அதனால ஊர்ல இருக்கிற அப்பா, அம்மா, சித்தப்பாவுக்கு இன்னைக்கு ஒரு போன் போடுங்க. கடிச்சா கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாய் வெச்சு உறிஞ்ச வேண்டாம். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழட்டணும். கடிபட்ட கை காலை ஆட்டாம 108-ல ஏறணும். பாம்பை அடிச்சுத் தூக்கிட்டுப் போக வேண்டாம். தூரத்துல இருந்து போட்டோ கிடைச்சா போதும். ராத்திரி வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போறவங்களுக்கு ஒரு நல்ல டார்ச்சும் முழங்கால் வரைக்கும் வர்ற பூட்ஸும் ஆர்டர் பண்ணி அனுப்புங்க. தரையில படுக்கிறவங்களுக்குக் கட்டில், இல்லாட்டி பாய்க்கு அடியில நல்லாச் சொருகின கொசுவலை. பூட்ஸ் எல்லாம் எதுக்குடான்னு சத்தம் போடுவாங்க. அனுப்பிடுங்க, மழைக்குப் போட்டுக்குவாங்க.