வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பத்திப் பேசினா எல்லாரும் தூங்கிடுவாங்க. வேற ஏதாவது உபயோகமா பேசு" என்று சங்கச் செயலாளர் அன்புக் கட்டளை போட்டுவிட்டார். நான் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கம்ப்ரஸர், பிரஷர் வெசல் பராமரிப்பைப் பார்க்கிற மெக்கானிக்கல் இன்ஜினியர். லீவு கிடைத்தால் கடலுக்கடியில் போய்ப் பார்க்கிற பழக்கமும் ஏழெட்டு வருஷமாக உண்டு. அதனால் நம் செட்டில் யாராவது ஒருவர் அடிக்கடி ஃபோன் பண்ணுவார். "மச்சி, குடும்பத்தோட அந்தமான் போறோம். ஸ்கூபா பண்ணணும்னு ஒரே அடம். எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி? பேர் மட்டும் சொல்லு!"

நான் பேர் சொல்வதில்லை. கம்பெனியின் போர்டு அப்படியே தொங்கும். போன சீசனில் இருந்த நல்ல ஆசிரியர் இந்த சீசனில் மாலத்தீவுக்கோ தாய்லாந்துக்கோ போயிருப்பார். பேருக்குப் பதிலாகச் சில கேள்விகளைச் சொல்லி அனுப்புகிறேன். இன்று அதையே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், இது ஏன் முக்கியம் என்று பார்ப்போம். பாயில் விதி ஞாபகம் இருக்கிறதா? 1662-ஆம் வருஷத்து விதி. பரீட்சைக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் செய்து, மறுநாள் மத்தியானம் மறந்த விதி. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அந்த ஆழத்தில் ஸ்கூபா சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய 6 லிட்டர் காற்றை இழுத்து, பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேலே வந்தால், அந்த 6 லிட்டர் 12 லிட்டர் ஆகப் பார்க்கும். நுரையீரல் ரப்பர் டியூப் இல்லை. இதில் விசேஷம் என்னவென்றால், மேல்மட்டத்துக்கு அருகில்தான் கன அளவு மிக வேகமாக மாறுகிறது. ஆகவே "சும்மா கொஞ்ச ஆழம்தானே சார்" என்பது ஆறுதல் இல்லை.

ஆழத்தில் நாம் மூச்சு விடுவதே ஒரு வால்வின் தயவு. எமில் காக்னான் என்ற பிரெஞ்சு இன்ஜினியர், யுத்தக் காலப் பெட்ரோல் பஞ்சத்தில் எரிவாயுவில் கார் ஓட்டுவதற்காகச் செய்திருந்த வால்வை, கூஸ்தோவுடன் சேர்ந்து 1943-இல் கடலுக்கு ஏற்ப மாற்றினார். நாம் இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள அழுத்தத்திலேயே காற்று தருகிற வால்வு. நம்ம ஜாதி ஆள் செய்த வேலை. இன்ஜினியர் ஜாதியைச் சொல்கிறேன்! அந்த வால்வையும், அதைப் பராமரிக்கிற ஆளையும், பக்கத்தில் நீந்துகிற ஆசிரியரையும் நம்பித்தான் நம் வீட்டுப் பிள்ளைகளை இறக்குகிறோம்.

அப்படியானால் நம்பகமானவரை எப்படிக் கண்டுபிடிப்பது? என் தொழிற்சாலையில் வேலை அனுமதிச் சீட்டு என்று ஒன்று உண்டு. அதில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பத் தெரிந்த அதிகாரி இருக்கிற பிளான்ட்தான் பத்திரமான பிளான்ட். டைவிங் கடையும் அப்படித்தான். உங்கள் பணம் மேஜை மேல் இருக்கும்போதே "வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவரா என்று பாருங்கள். அதைச் சோதிக்க ஐந்து இடங்கள் இருக்கின்றன.

முதல் இடம், மருத்துவப் படிவம். ஹேவ்லாக் தீவுக்கு (2018-இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள்) என் மனைவி, மனைவியின் தம்பி, நான் மூவரும் போயிருந்தோம். மச்சினனுக்குச் சின்ன வயசிலிருந்து வீசிங். பாக்கெட்டில் இன்ஹேலர் எப்போதும் இருக்கும். முதலில் ஏறின கடையில் கவுன்டர் ஆள் படிவத்தை நீட்டி, "எல்லாத்துக்கும் 'நோ' போட்டுக் கையெழுத்துப் போடுங்க சார், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றார். எழுந்து வந்துவிட்டோம். இரண்டாவது கடையில் இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு பெண் ஆசிரியர். படிவத்தை வரி வரியாகப் படித்தார். மச்சினனிடம், "கடைசியா எப்ப இன்ஹேலர் எடுத்தீங்க?" என்று கேட்டார். "போன மாசம்." "டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?" இல்லை. "அப்ப உங்களைக் கூட்டிட்டுப் போக முடியாது. கரையோரமா ஸ்நார்க்கலிங் பண்ணுங்க." கட்டின அட்வான்ஸை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

மச்சினனுக்கு முகம் தொங்கிவிட்டது. "மாமா, இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று ராத்திரி வரை புலம்பல். ஊருக்கு வந்ததும் நுரையீரல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஊதச் சொல்லிப் பரிசோதித்துவிட்டு, "தம்பி, நீ ஸ்கூபா பக்கமே போகாதே" என்று எழுதியே கொடுத்துவிட்டார். காரணம் அதே பாயில்தான். சுருங்கின மூச்சுக்குழாய்க்குப் பின்னால் காற்று மாட்டிக்கொண்டால், மேலே வரும்போது அது விரியும். வெளியே வர வழி இருக்காது. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு ஒரு டைவின் வருமானம் போயிற்று. எங்கள் வீட்டுக்கு என்ன மிச்சமாயிற்று என்று நான் கணக்குப் போட விரும்பவில்லை.

2020-இல் திருத்தப்பட்ட படிவத்தைத்தான் உலகம் முழுக்கப் பல பயிற்சி அமைப்புகள் பயன்படுத்துகின்றன. ஆஸ்துமா, இருதயம், வலிப்பு, காது ஆபரேஷன் எல்லாம் கேட்பார்கள். ஊரிலேயே படித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். தீவில் இறங்கின பிறகு டாக்டரைத் தேடி அலைய வேண்டாம்.

இரண்டாவது இடம், ஊர் திரும்பும் டிக்கெட். "உங்க ஃப்ளைட் எப்போ?" என்று கடைக்காரர் தானாகக் கேட்கிறாரா பாருங்கள். அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானத்தில் உயரப் போனால் சோடா பாட்டில் மூடி திறந்த கதைதான். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ் அல்லது பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது டான் என்ற சர்வதேச டைவிங் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டல். "காலையில டைவ், சாயந்திரம் ஃப்ளைட், தாராளமா முடியும் சார்" என்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.

மூன்றாவது இடம், கடல். அந்தமானில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஆனால் நல்ல சீசனிலும் ஒரு நாள் மோசமாக விடியலாம். "கடல் சரியில்லைன்னா பணம் திரும்பத் தருவீங்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். இது கஞ்சத்தனமான கேள்வி இல்லை. பணத்தைத் திருப்பித் தருகிறவர் கடலைப் பார்த்து முடிவெடுக்கலாம். தராதவர் பேசுகிற இடத்தில் பாதி நேரம் கல்லாப் பெட்டிதான் பேசும். கூடவே ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள். முதல் தடவை இறங்குகிறவருக்கு ஒரு ஆசிரியர் என்பதுதான் என் விருப்பம். முதல் அனுபவ டைவுக்கு பாடி அமைப்பின் ஆழ வரம்பு 12 மீட்டர். அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்கே 18 மீட்டர்தான். "உங்களுக்காக ஸ்பெஷலா 20 மீட்டர்" என்பது சலுகை இல்லை.

நான்காவது இடம், இயந்திரம். இது என் ஏரியா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். "உங்க கம்ப்ரஸரைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் பெருமையாகக் கூட்டிப் போவார். அங்கே ஒன்று பாருங்கள்: காற்று இழுக்கும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது? டீசல் இன்ஜின் புகை, ஜெனரேட்டர், வண்டி நிற்கும் இடம், இதற்கெல்லாம் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போகும். அதற்கு வாசனை கிடையாது. 10 மீட்டர் ஆழத்தில் அதன் பகுதி அழுத்தமும் இரண்டு மடங்கு. ஐரோப்பியத் தரமான ஈஎன் 12021 இதற்குக் கொடுக்கும் உச்ச வரம்பு பத்து லட்சத்தில் 5 பங்கு மட்டுமே. ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பதிவேடு இருக்கிறதா? சிலிண்டரின் தோளில் அழுத்தச் சோதனைத் தேதி குத்தப்பட்டிருக்கும். அது எந்த வருஷம்?

இன்னொரு எளிய சோதனை. கரையிலேயே ரெகுலேட்டரை வாயில் வைத்து நாலு தடவை பலமாக இழுங்கள். கண் பிரஷர் கேஜ் மேல் இருக்கட்டும். இழுக்கும்போதெல்லாம் முள் கீழே விழுந்து எழுந்தால், சிலிண்டர் வால்வு முழுசாகத் திறக்கவில்லை. காற்றில் எண்ணெய் வாடை அடித்தால் அந்த சிலிண்டரே வேண்டாம். இதற்குப் பட்டம் தேவையில்லை. என் மனைவி தமிழ் இலக்கியம் படித்தவர், அவரே செய்து பார்க்கிறார்.

ஐந்தாவது இடம், படகு. 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப் பவளத் திட்டுக்கு 26 பேருடன் போன ஒரு டைவிங் படகு, கடைசி டைவ் முடிந்து கரைக்குத் திரும்பியது. ஓர் அமெரிக்கத் தம்பதி அதில் இல்லை. அது தெரிந்தது இரண்டு நாள் கழித்து, அவர்களுடைய பை படகிலேயே கிடந்ததைப் பார்த்த பிறகுதான். தேடினார்கள், அந்த இருவரும் கிடைக்கவே இல்லை. ரெகுலேட்டர் பழுதாகவில்லை, சிலிண்டர் வெடிக்கவில்லை. தலையை எண்ணினதில் தவறு. அதன் பிறகு அந்த மாநிலத்தில் தலை எண்ணும் விதிகளைக் கடுமையாக்கினார்கள்.

நம்ம என்.எஸ்.எஸ். கேம்ப் பஸ்ஸில் சார் இறங்கி ஏறி மூன்று தடவை எண்ணுவார், நாம் கிண்டல் பண்ணுவோம். படகிலும் அப்படி எண்ணுகிற ஆள் வேண்டும். ஏறும்போதும் எண்ண வேண்டும், கிளம்பும் முன்பும் எண்ண வேண்டும். "எல்லாரும் வந்தாச்சா?" என்று பொதுவாகக் கத்தினால் போதாது, பேர் சொல்லிக் கூப்பிட்டு, பேப்பரில் டிக் அடிக்க வேண்டும். அதோடு "ஆக்ஸிஜன் கிட் எங்கே?" என்று கேளுங்கள். "ஆபீஸ்ல இருக்கு" என்பது பதில் இல்லை. அது படகில் இருக்க வேண்டும். அழுத்த அறை வசதியுள்ள ஆஸ்பத்திரி எங்கே, அங்கே எப்படிக் கொண்டு போவார்கள் என்பதும் அவருக்குத் தடுமாறாமல் சொல்ல வர வேண்டும்.

போர்டில் இருக்கிற நட்சத்திரங்கள்? அவை பயிற்சி அமைப்புகள் தங்கள் உறுப்பினர்களுக்குத் தருபவை. அரசாங்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. உங்களோடு இறங்கப் போகிறவரின் அடையாள அட்டையைக் கேளுங்கள். வீடியோ இலவசமா, ஃபோட்டோ எத்தனை என்பதை எல்லாம் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபைனல் இயர் டூர் போவீர்கள். கோவாவோ, பாண்டிச்சேரியோ, முருடேஸ்வரமோ, ஏஜென்டே ஸ்கூபாவையும் சேர்த்து பேக்கேஜ் போட்டுத் தருவார். நாற்பது பேர், ஒரு மத்தியானம், ஆளுக்கு இவ்வளவு என்று. அதில் ஐந்நூறு ரூபாய் குறைந்தால் அந்த ஐந்நூறு எங்கே குறைந்தது என்று கேளுங்கள். ஆசிரியர் எண்ணிக்கையிலா, ஃபில்டரிலா, ஆக்ஸிஜன் கிட்டிலா? நாற்பது பேரில் ஒருவனுக்கு ஜலதோஷம், காது அடைப்பு, அல்லது வெறும் பயம் இருக்கும். அவனைக் கிண்டல் பண்ணி இறக்கிவிடாதீர்கள். எந்த டைவையும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் யாரும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பது டைவிங் உலகத்தின் எழுதாத சட்டம். அந்த உரிமை கடைக்காரருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் உண்டு.

இவ்வளவும் கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று ஒரு நண்பர் கேட்டார். கோபித்துக்கொண்டால் நல்லது, பத்து நிமிஷத்தில் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. அடுத்த கடைக்கு நடங்கள். சந்தோஷப்பட்டால் அவரோடு தைரியமாக இறங்குங்கள். கீழே பவளமும், கூட்டம் கூட்டமாக மீனும், கை வீசி நீந்துகிற ஆமையும் இருக்கின்றன. என் மனைவி முதல் முறை ஆமையைப் பார்த்து, தண்ணீருக்கடியிலேயே என் கையைப் பிடித்து நசுக்கினது இன்னும் வலிக்கிறது. அந்த வலி உங்கள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.