நாலு பேரை யார் கேட்டது?



ஊருக்கு வெளியே ஒரு ரயில்வே கேட். மூடிவிட்டார்கள். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி போகிற அகலம்தான் ரோடு. இடது பக்கம் ஒரு பால் வண்டி நிற்கிறது, அதற்குப் பின்னால் டவுன் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கார். எல்லாம் ஒழுங்காகத்தான் நிற்கின்றன. அப்போது பைக்கில் ஒருவர் வருகிறார். பஸ்ஸைத் தாண்டி வலது பக்கமாகவே போய்க் கேட்டை ஒட்டி நிறுத்துகிறார். பைக்தானே என்று யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பின்னாலேயே இன்னும் இரண்டு பைக். அடுத்து ஒரு ஷேர் ஆட்டோ. ஆட்டோவும் போனதைப் பார்த்ததும் காரில் இருக்கிற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாரும் போறாங்க, நாம மட்டும் நின்னா இளிச்சவாயங்களா?" என்கிறார். கார் வலது பக்கம் ஏறுகிறது. கேட்டுக்கு அந்தப் புறத்திலும் இதே கதை நடந்து முடிந்திருக்கிறது. ரயில் போகிறது, கேட்டைத் தூக்குகிறார்கள், இரண்டு பக்கமும் ரோடு முழுக்க வண்டி. அப்புறம் ஹாரன்தான்.

அங்கே நின்ற ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். வலது பக்கம் ஏறுவது தப்பு என்றுதான் சொல்வார்கள். பைக்காரரே சொல்வார். ஆக, விதி தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. மனச்சாட்சி இல்லாமல் நடந்தது என்றும் எனக்குத் தோன்றவில்லை. மற்றவர்கள் செய்வதைப் பார்த்து நடந்தது. மற்றவர்கள் நம்மை என்ன நினைப்பார்கள் என்று யோசித்து நடந்தது. "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று நம் வீடுகளில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறதே, அந்த நாலு பேரைப் பற்றித்தான் இன்று பேசலாம் என்று வந்தேன்.

சாலமன் ஆஷ் என்று ஓர் உளவியல் பேராசிரியர். போலந்தின் வார்சாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1950-களின் தொடக்கத்தில், பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் கல்லூரியில் வேலை பார்த்தபோது ஒரு சோதனை செய்தார். ஏழெட்டு வாலிபர்களை உட்கார வைத்து இரண்டு அட்டைகளைக் காட்டினார். ஒன்றில் ஒரே ஒரு கோடு. இன்னொன்றில் மூன்று கோடுகள். இந்த மூன்றில் எது அந்த ஒற்றைக் கோட்டின் நீளம்? அவ்வளவுதான் கேள்வி. சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அந்த அறையில் ஒரே ஒரு ஆளைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து வைத்தவர்கள். சில சுற்றுகளில் எல்லோரும் கூசாமல் ஒரே தப்பான பதிலைச் சொன்னார்கள். கடைசிக்கு முந்தின நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு அப்பாவி என்ன செய்தார் என்பதுதான் சோதனை.

இப்படி நடந்த சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக, கூட்டத்தோடு சேர்ந்து தப்பான பதில் வந்தது. தனியாகக் கேட்டபோது நூற்றுக்கு ஒன்றுகூடத் தப்பாக வரவில்லை.

இதைப் பலரும் மனிதன் ஆட்டு மந்தை என்பதற்கு அத்தாட்சியாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்றில் இரண்டு பங்குப் பதில்கள் சரியானவை அல்லவா? கால்வாசிப் பேர் கடைசிவரை ஒரு தடவைகூட அசைந்து கொடுக்கவில்லை. ஆஷ் அந்தச் சோதனையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். என்னைக் கேட்டால் அங்கேதான் விஷயமே இருக்கிறது. எதிரே ஒரே ஆள் தப்பாகச் சொன்னால் ஏறக்குறைய யாரும் மசியவில்லை. இரண்டு பேர் சொன்னால் கொஞ்சம் தடுமாற்றம். மூன்று பேர் ஒரே குரலில் சொன்னதும் ஏறக்குறைய முழு அழுத்தமும் வந்துவிட்டது. அதற்கு மேல் ஆளைக் கூட்டியும் பெரிய வித்தியாசம் இல்லை. ஊரே திரள வேண்டாம், மூன்று பேர் போதும். பிறகு இன்னொன்று செய்தார். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதிலைச் சொல்லும்படி செய்தார். தப்பான பதில்கள் கால்பங்காகச் சரிந்துவிட்டன. பதிலை வாயால் சொல்லாமல் ரகசியமாகக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னபோதும் தப்பு வெகுவாகக் குறைந்தது. அதாவது பெரும்பாலோருடைய கண் ஏமாறவில்லை. கண் பார்த்ததை நாலு பேருக்கு முன்னால் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். ஓர் அறையில் பத்துப் பேர் இருக்கிறார்கள். பத்துப் பேரும் மனதுக்குள் ஒன்றை நினைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைச் சொன்னால் என்ன ஆகும்? ஒவ்வொருவருக்கும் மற்ற ஒன்பது பேரின் வாய்தான் தெரியும், மனது தெரியாது. நான் ஒருத்தன்தான் இப்படி நினைக்கிறேன் போலிருக்கிறது என்று பத்துப் பேரும் நம்பிவிடுவார்கள்.

இது கற்பனை இல்லை. 2017-இல் சவூதி அரேபியாவின் தலைநகர் ரியாத்தில் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இதை நேராகவே கேட்டுப் பார்த்தார்கள். 18 முதல் 35 வயதுக்கு உட்பட்ட, கல்யாணமான 500 ஆண்கள். ஒரே பேட்டையைச் சேர்ந்தவர்களாகப் பார்த்து, கூட்டத்துக்கு முப்பது பேராகக் கூப்பிட்டார்கள். பெயர் தெரியாமல் கேட்ட கேள்வி இதுதான்: பெண்களை வீட்டுக்கு வெளியே போய் வேலை செய்ய விட வேண்டுமா? நூற்றுக்கு 87 பேர் ஆம் என்றார்கள். இந்த அறையில் எத்தனை பேர் ஆம் என்று சொல்லியிருப்பார்கள் என்று அடுத்த கேள்வி. நாலில் மூன்று பேர் உண்மையைவிடக் குறைவாகவே சொன்னார்கள். என் மனைவி வேலைக்குப் போவதில் எனக்குத் தடை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் தப்பாக நினைப்பார் என்று ஒவ்வொருவரும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அதே அறையில் உட்கார்ந்து இவரைப் பற்றி அதையே எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

பிறகு அவர்களில் பாதிப் பேருக்கு மட்டும், அந்த அறையில் உண்மையிலேயே எத்தனை பேர் ஆம் என்றார்கள் என்ற கணக்கைச் சொன்னார்கள். உபதேசம் எதுவும் கிடையாது, கணக்கு மட்டும்தான். மனைவிக்கு வேலை தேடித் தரும் ஒரு சேவையில் பெயர் கொடுக்கிறீர்களா என்று எல்லோரிடமும் கேட்டார்கள். கணக்குத் தெரியாதவர்களில் நூற்றுக்கு 23 பேர் பெயர் கொடுத்தார்கள். தெரிந்தவர்களில் 32 பேர். சில மாதம் கழித்து விசாரித்தபோது, கணக்குத் தெரிந்தவர்களின் மனைவிமார்களில் கூடுதலான பேர் வேலைக்கு மனுப் போட்டிருந்தார்கள், நேர்முகத் தேர்வுக்கும் போயிருந்தார்கள்.

நாலு பேருக்குப் பயந்து வாழ்கிறோமே தவிர, அந்த நாலு பேரை நாம் கேட்பதே இல்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த மரங்கள் மண்ணுக்கடியில் கல்லாக மாறிக் கிடக்கிற இடம். வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது பெரிய தலைவலி. உளவியல் அறிஞர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் அங்கே பலகை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பலகையில், இதற்கு முன் வந்த பலர் கல்மரத்தை எடுத்துப் போய்ப் பூங்காவைக் கெடுத்துவிட்டார்கள் என்று வருத்தத்தோடு எழுதியிருந்தது. இன்னொன்றில், தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும். வழியில் அடையாளம் வைத்துப் போட்டிருந்த துண்டுகளில், இரண்டாவது பலகை இருந்தபோது நூற்றுக்கு இரண்டுகூடக் காணாமல் போகவில்லை. முதல் பலகை இருந்தபோது ஏறக்குறைய எட்டுப் போயிற்று. வருத்தப்பட்டு எழுதிய பலகையே, எல்லோரும் எடுக்கிறார்கள் என்று விளம்பரம் செய்துவிட்டது.

நம் பேச்சில் பாதி இந்த முதல் பலகைதான். "இந்த ஆபீஸ்ல காசு குடுக்காம எதுவும் நடக்காதுங்க" என்று டீக்கடையில் ஆத்திரத்தோடுதான் சொல்கிறோம். பக்கத்தில் நிற்கிறவர் அதைக் கேட்டுவிட்டுப் போய், கேட்காமலே கவரை நீட்டுகிறார். அதே அலுவலகத்தில் காசு வாங்காமல் கையெழுத்துப் போட்ட குமாஸ்தாவைப் பற்றி எந்த டீக்கடையிலும் பேச்சு இல்லை. சுவாரசியம் இல்லையே! வானொலியிலும் பத்திரிகையிலும் வருகிற எச்சரிக்கை வாசகங்கள் பலவும் இந்த ரகம்தான். இத்தனை பேர் ஹெல்மெட் போடுவதில்லை, இத்தனை பேர் குப்பையைத் தெருவில் கொட்டுகிறார்கள் என்று அடுக்கினால், கேட்கிறவருக்கு ஒரு தைரியம் வருகிறது.

நாலு பேர் பயம் எப்படி உடைந்தது என்று பார்க்க இனி சீனாவுக்குப் போவோம். பல நூறு ஆண்டுகளாக அங்கே பெண் குழந்தைகளின் பாதத்தைக் கட்டினார்கள். ஐந்தாறு வயதில், பெருவிரலை விட்டுவிட்டு மற்ற நாலு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, நீளத் துணியால் இறுக்கிச் சுற்றுவார்கள். நாள் போகப் போக இன்னும் இறுக்குவார்கள். பாதத்தின் வளைவே உடைந்துவிடும். மூன்று அங்குலப் பாதம்தான் அழகுக்கு இலக்கணம். இதைச் செய்தவர் பெரும்பாலும் பெற்ற தாய், தன் பாதமும் அப்படிக் கட்டப்பட்டவர். மகளின் அழுகையைக் கேட்டுக்கொண்டே செய்தார். கட்டாத பாதத்தோடு வளர்ந்தால் நல்ல இடத்தில் வரன் அமையாது என்ற ஒரே பயம். 17-ஆம் நூற்றாண்டில் சிங் வம்சத்து அரசர்கள் தடை போட்டுப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அவர்களே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஒரு குடும்பம் மட்டும் நிறுத்தினால் நஷ்டம் அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்குத்தான் என்னும்போது, எந்தத் தாய் முதலில் நிறுத்துவாள்?

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாதக்கட்டு எதிர்ப்புச் சங்கங்கள் தோன்றின. காங் யூவெய் போன்ற சீனச் சீர்திருத்தக்காரர்களும் தொடங்கினார்கள், கிறித்தவ மிஷனரிகளும் தொடங்கினார்கள். ஷாங்காயில் 1895-இல் அலிசியா லிட்டில் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ஒரு சங்கம் வைத்தார். இவற்றில் பல சங்கங்களில் சேர்கிறவர்கள் எடுத்த உறுதிமொழியில் இரண்டு பகுதி. என் மகளுக்குப் பாதம் கட்ட மாட்டேன் என்பது முதல் பகுதி. பாதம் கட்டிய பெண்ணை என் மகனுக்கு எடுக்க மாட்டேன் என்பது இரண்டாவது. அந்த இரண்டாவது பகுதிதான் பூட்டைத் திறந்தது. உறுப்பினர் குடும்பங்களுக்குள்ளேயே வரன் பார்த்துக்கொள்ளலாம் என்பதால், கட்டாத பாதத்தோடு வளரும் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடுகள் தயாராக இருந்தன. வட சீனத்தில் டிங்சியன் என்ற மாவட்டத்தில் பிற்பாடு எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. 1890-க்கு முன் பிறந்த பெண்களில் நூற்றுக்கு 99 பேருக்குப் பாதம் கட்டியிருந்தது. 1919-க்குப் பிறகு பிறந்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. பல நூறு ஆண்டுப் பழக்கம், ஒரு தலைமுறையில். சங்கங்களால் மட்டும் இது நடக்கவில்லை, ஆலைகள் வந்து வீட்டுக் கைத்தொழில் படுத்ததும் ஒரு காரணம் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தாய்மார்களின் பயத்துக்கு நேராகப் பதில் சொன்னது அந்த உறுதிமொழிதான்.

இதைப் படிக்கும்போது நம் ஊர் நிச்சயதார்த்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. கூடத்தில் ஜமக்காளம் விரித்து, நடுவில் வெற்றிலைத் தட்டு.

"நாங்க எதுவும் கேக்கல சம்பந்தி. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க."

"அதெப்படிங்க, சும்மா அனுப்பினா நாலு பேர் என்ன நினைப்பாங்க? அம்பது சவரன் போட்டுடறோம்."

"எங்க மூத்த மருமகளுக்கு அவங்க வீட்ல கார் குடுத்தாங்க. அதுக்காகச் சொல்லல, பேச்சு வந்ததால சொல்றேன்" என்று மாப்பிள்ளையின் அம்மா.

பெண்ணின் தகப்பனார் மனதுக்குள் வட்டிக் கணக்குப் போடுகிறார். மாப்பிள்ளையின் தகப்பனாருக்கோ, கார் இல்லாமல் முடித்தால் பையனிடம் ஏதோ குறை என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்ற கவலை. எல்லா வீட்டிலும் இது வெறும் பயம்தான் என்று நான் சொல்லவில்லை. பச்சைப் பேராசையும் ஏராளம். ஆனால் பேராசைக்கு வெளியே சொல்லிக்கொள்ள ஒரு கௌரவமான காரணம் வேண்டியிருக்கிறது, அதை நாலு பேர் தருகிறார்கள். இத்தனைக்கும் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது.

நாலு பேரை மாற்றிக் காட்டிய கதையும் நம்மிடம் உண்டு. புரோகிதர் இல்லாமல், மேடையில் தலைவர்கள் பேச, மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணங்கள் 1920-களின் கடைசியில் தொடங்கின. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல்தான் சட்டசபையில் அதற்கான திருத்தம் நிறைவேறியது. அதுவரை ஏறக்குறைய நாற்பது ஆண்டு, சட்டத்தின் கையெழுத்து இல்லாமலே அந்தத் தம்பதிகள் குடும்பம் நடத்தினார்கள். சொந்தக்காரர்கள் வராத கல்யாணத்துக்கு இயக்கத்துத் தோழர்கள் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அந்த நாலு பேர் போதுமானவர்களாக இருந்தார்கள்.

இன்றைக்குக் கல்லூரிகளில் மாணவர்கள் வரிசையாக நின்று, கையை நீட்டி, வரதட்சணை வாங்க மாட்டேன், கொடுக்க மாட்டேன் என்று ஒரே குரலில் உறுதி எடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பேசப் போகிறவர்கள் அந்த வரிசையில் இல்லை. சீனத்து உறுதிமொழியை எடுத்தவர்கள் பெற்றோர்கள். அதிலும் மகனைப் பெற்றவர்கள் என்ற முறையில் எடுத்ததுதான் வேலை செய்தது. நம் பத்திரிகைகளின் மணமகள் தேவை பத்திகளில் "வரதட்சணை எதிர்பார்ப்பு இல்லை" என்ற வாசகம் எப்போதாவது கண்ணில் படும், அதுவும் பெரும்பாலும் மறுமணம் என்று போட்டிருக்கிற விளம்பரத்தில். முதல் கல்யாணத்துக்குப் பெண் தேடுகிற ஒரு வீட்டார் துணிந்து அதை அச்சில் ஏற்றினால், பெண்ணைப் பெற்றவர்களுக்கு முன்னால் அதை வாசிக்கப் போகிறவர்கள் அதே பக்கத்தில் விளம்பரம் கொடுத்திருக்கிற மற்ற மாப்பிள்ளை வீட்டார்கள்தான். ஆஷின் அறையில் சரியான பதிலைச் சொன்ன அந்த ஒற்றை ஆள் செய்த வேலை அது.