மனநல மருத்துவரிடம் போனவர்கள் சொன்னது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உன் துறையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசப்பா" என்றார். "சார், மனநல மருத்துவரிடம் போவதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். சற்று நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "விளையாடலியே?" என்றார். விளையாடவில்லை. நான் மெக்கானிக்கல் படித்தவன். டாக்டர் இல்லை. ஆனால் அந்த டாக்டரிடம் ஒன்றரை வருடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவன். இதை இத்தனை பேர் முன்னால் சொல்வது இதுதான் முதல் தடவை. என் மாமனார் வீட்டுக்கு இன்றுவரை தெரியாது. மலரில் அச்சானால் தெரிந்துவிடும். தெரியட்டும்.

நம் ஊரில் இந்த விஷயத்தைப் பற்றி இரண்டே விதமாகத்தான் பேசுவார்கள். ஒன்று, "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கேலி. இன்னொன்று, "டாக்டரைப் பாருங்க, எல்லாம் சரியாயிடும்" என்று உபதேசம். போய் வந்தவர்களைக் கேட்டால் இரண்டுமே பொருந்தாது. எனக்குத் தெரிந்த நால்வரின் அனுபவத்தைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். மற்ற மூவரும் அனுமதி கொடுத்துத்தான் பேசுகிறேன்.

முதல் ஆள் நான். நைட் ஷிப்டில் திடீரென்று நெஞ்சு படபடக்கும், கை மரத்துப் போகும், இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றும். மூன்று தடவை ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று. எக்கோவும் எடுத்தாயிற்று. "இதயம் நல்லா இருக்கு, சைக்கியாட்ரிஸ்டைப் பாருங்க" என்றார் இதய டாக்டர். போனேன். வாசலில் நாற்பது டோக்கன். உள்ளே ஐந்து நிமிடம். தலை நிமிராமல் நான்கு மாத்திரை எழுதினார். பகலெல்லாம் தூக்கம். ஓடுகிற மெஷின் பக்கத்தில் அப்படி நிற்க முடியுமா? அந்தச் சீட்டை எடுத்துக் கொண்டு வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் நாற்பது நிமிடம் கேட்டார். தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். பிறகு ஒரே மாத்திரை. "இது வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டலாம். நீங்களாக நிறுத்தக் கூடாது" என்றார். கூடவே சைக்காலஜிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினார். பயம் வரும்போது மனதில் என்ன ஓடுகிறது என்று நோட்டில் எழுத வைத்தார் அவர். எட்டு மாதத்தில் படபடப்பு நின்றது. ஒன்றரை வருடத்தில் டாக்டரே மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

இரண்டாவது, என் ஹாஸ்டல் ரூம்மேட். சோர்ந்து படுத்தே கிடந்தான் என்று வீட்டில் அழைத்துப் போனார்கள். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். சில வாரத்தில் தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பாகி, கடன் வாங்கி இரண்டு பைக் புக் செய்துவிட்டான். வீட்டில் டாக்டரைத் திட்டினார்கள். நடந்தது இதுதான்: இரண்டு வருடம் முன்பும் அவன் இப்படி இரவெல்லாம் தூங்காமல் பறந்து கொண்டிருந்தான். அதை யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அது இருதுருவக் கோளாறு. அந்த நோய்க்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு இப்படி மறுபக்கம் தூக்கி அடிக்கும். இப்போது லித்தியம் சாப்பிடுகிறான். குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். குறைந்தால் பலனில்லை, கூடினால் நஞ்சு. சிறுநீரகமும் தைராய்டும் பார்க்க வேண்டும். "மாப்ளே, பாய்லர் பிரஷர் பாக்குற மாதிரிதான்டா" என்று சிரிக்கிறான். வேலையில் இருக்கிறான், குடும்பத்தோடு இருக்கிறான்.

மூன்றாவது, எங்கள் செட் தோழி. பிரசவத்துக்குப் பிறகு அழுகை, குழந்தையைத் தூக்கவே பயம். மந்திரித்தார்கள், தாயத்து கட்டினார்கள். ஐந்து மாதம் கழித்து அரசு மருத்துவமனை ஓ.பி.க்குப் போனார்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது சாப்பிடக் கூடிய மாத்திரையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். குணமாகிவிட்டது. ஆனாலும் அவருக்கு ஒரு வருத்தம்: "டாக்டர் கடைசி வரைக்கும் என் வீட்டுக்காரர்கிட்டதான் பேசினார். நான் எதிர்லதான் உக்காந்திருந்தேன்." மருந்து சரி, மரியாதை சரியில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான்காவது, எங்களுக்கு இரண்டு வருடம் மூத்த அண்ணன். மூன்று டாக்டர், ஐந்து விதமான மாத்திரை. உடம்பு எடை பன்னிரண்டு கிலோ கூடியது. "பாதி சரியாச்சு, மீதியோட வாழப் பழகிட்டேன்" என்கிறார். இதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் சுமார் 4,000 மனச்சோர்வு நோயாளிகளைச் சேர்த்துச் செய்த பெரிய ஆய்வு 2006-ல் வெளியானது. முதல் மருந்திலேயே முழுதாகக் குணமானவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு மருந்தை மாற்றியோ, இன்னொன்றைச் சேர்த்தோ பார்க்க வேண்டியிருந்தது.

ஏன் இப்படி ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது? நம் தொழிலில் ஷாப்ட் தேய்ந்ததா என்று மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்போம். சர்க்கரை நோய்க்கு ரத்தம் எடுத்தால் எண் வரும். மனச்சோர்வுக்கு அப்படி எண் சொல்லும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தைராய்டு போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பரிசோதனை. டாக்டர் கையில் இருக்கும் அளவுகருவி நாம் சொல்லும் பேச்சும், அவர் கேட்கும் கேள்வியும்தான். அவருக்கு நேரமில்லை என்றாலோ, நாம் பாதியை விழுங்கினாலோ அளவு தப்பிவிடும். நம் நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஐந்து நிமிட வைத்தியம் அங்கிருந்துதான் வருகிறது. அது காரணம்தான், சமாதானம் ஆகாது.

ஆகவே தம்பி தங்கைகளே, போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, பசி எப்படி, முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம் வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, வேறு என்ன மருந்து, குடிப்பழக்கம் உண்டா. சாகத் தோன்றுகிறதென்றால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். வெட்கப்பட இடமே இல்லை. பிறகு டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். எனக்கு என்னவென்று நினைக்கிறீர்கள்? இந்த மாத்திரை எதற்கு? எத்தனை நாளில் தெரியும், என்ன தொந்தரவு வரும்? எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்? பதில் சொல்லாமல் கோபப்பட்டால் வேறு டாக்டரைப் பாருங்கள். டாக்டரை மாற்றலாம், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல் வரும், நோயும் திரும்பலாம்.

பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து போனதை நாம் மறக்க முடியாது. அதற்குப் பிறகு எவ்வளவோ மாறியிருக்கிறது. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும். உங்கள் மருத்துவப் பதிவைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. மயக்க மருந்து இல்லாமல் மின்அதிர்ச்சி கொடுக்கக் கூடாது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும். உடல் நோய்க்கு உள்ளது போலவே இன்சூரன்ஸும் தர வேண்டும். கேலி பேசுகிறோமே, அந்தக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை 1794-ல் தொடங்கியது. இன்றும் அங்கே தினமும் புறநோயாளிகள் வந்து மருந்து வாங்கிக் கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். அதில் நம்மைப் போன்றவர்களும் இருக்கிறார்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஹாஸ்டலில் தாங்க முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அதைவிடப் பக்கத்தில் இருப்பவன் ரூம்மேட். நண்பன் மெஸ்ஸுக்கு வராமல் நாலு நாள் போர்வைக்குள் கிடந்தால், "அரியர் டென்ஷன்" என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். கூடவே டாக்டரிடம் போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

மேலாளராக, முதலாளியாக இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரே வேண்டுகோள். உங்களிடம் வேலை செய்யும் பையன் இதற்காக லீவு கேட்டால், மஞ்சள் காமாலைக்குக் கொடுப்பது போலக் கொடுங்கள். திரும்பி வந்ததும் அதே நாற்காலியைக் கொடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மெக்கானிக்கல் பிளாக் பின்னால் வேப்ப மரத்தடியில் நாலு மணி வரை இருப்பேன். தனியாகப் பேச வேண்டியவர்கள் வரலாம். பெயர் கேட்க மாட்டேன்.