மெமோவுக்கு முன் ஒரு மணி நேரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"ஆள் நிர்வாகமும் உற்பத்தியும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். புத்தகத்தில் உள்ளதை நீங்களே படித்துக் கொள்வீர்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

1978. கோவையில் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். வயசு 22. ரிங் ஃப்ரேம் பகுதியில் ஒரு தொழிலாளியின் உற்பத்தி மட்டும் தினமும் குறைந்தது. அவருக்கு என் அப்பா வயசு. நான் ரெஜிஸ்டரைப் பார்த்தேன்; ஆளைப் பார்க்கவில்லை. மெமோ கொடுத்துவிட்டேன்.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மத்தியானத்துக்கு மேல ஒரு மணி நேரம் இந்த மெஷின்கிட்ட நின்னு பாருங்க சார்" என்றார். சூப்பர்வைசர் கௌரவம் விடுமா? இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் போய் நின்றேன். இழை அறுந்துகொண்டே இருந்தது. ஒன்றை ஒட்டுவதற்குள் இன்னொன்று. காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறும் என்பது நாமெல்லாம் எழுதிப் பாஸ் பண்ணிய பாடம்தானே! அந்த மூலைக்கு வரும் ஈரக்காற்றுக் குழாயின் வாய் பஞ்சுத் தூசியால் அடைத்துக் கிடந்தது. சுத்தம் செய்ய அரை நாள். அந்த வாரமே அவர் உற்பத்தி மற்றவர்களுக்குச் சமமாகிவிட்டது.

"ஏங்க, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"முன்ன இருந்த சார்கிட்ட ரெண்டு தடவை சொன்னனுங்க. வேலை செய்ய வலிக்குதான்னு கேட்டாருங்க. அப்புறம் எதுக்குச் சொல்றது?"

மெமோ அதற்குள் ஃபைலில் ஏறிவிட்டது. திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். "தவறு என்னுடையது" என்று கடிதம் எழுதி அதே ஃபைலில் சேர்த்தேன். நான்கு வரிக் கடிதம். எழுத நான்கு நாள் ஆயிற்று.

இது ஒரு மில்லின் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் தொழிற்சாலை இருந்தது. லீவு அதிகம், தகராறு அதிகம், தரம் மட்டம். 1982-இல் மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவும் சேர்ந்து 'நும்மி' என்ற பெயரில் திறந்தது. பெரும்பாலும் அதே ஆட்கள், அதே யூனியன். ஆனால் கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுக்கலாம். டீம் லீடர் ஓடி வருவார், திட்டுவதற்கல்ல, உதவுவதற்கு. தீராவிட்டால் லைனே நிற்கும். சில ஆண்டுகளிலேயே தரத்தில் நல்ல பெயர் எடுத்தார்கள். அந்தக் கூட்டு 2010-இல் முடிந்தது, பாடம் முடியவில்லை.

இன்று ஒவ்வொரு மெஷினின் கணக்கும் கம்ப்யூட்டர் திரையில் தெரிகிறது. எவ்வளவு குறைந்தது என்று திரை சொல்லும். ஏன் குறைந்தது என்று ஆள்தான் சொல்வார். சொன்னால் திட்டு விழாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் சொல்வார்.

நிர்வாகப் பொறுப்பில் உள்ள தம்பி தங்கைகளே, மெமோ எழுதுமுன் ஒரு மணி நேரம் பக்கத்தில் போய் நில்லுங்கள். நான் நான்கு நாள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.