ஓலைக் கடையைப் பூட்டிய பிறகு

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பனை ஓலைப் பொருள் விற்பனைக் கடையின் பொறுப்பாளராக இருந்த உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. கடையில் நின்று பேசித்தான் பழக்கம். "இந்தப் பெட்டி எத்தனை வருசம் உழைக்கும்?" என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். இன்று கடையைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்கள். கடை இருக்கும்போது இப்படிக் கூப்பிட்டிருந்தால் இன்னும் நல்லாயிருந்திருக்கும். பரவாயில்லை. மூடின பிறகாவது பேசுவோம்.

1989ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்களை அரசு தொடங்கியது என்று பயிற்சியில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். நம்ம தேரிக்காட்டு ஊர்களுக்கு அது வந்து சேர பத்து வருசத்துக்கு மேல் ஆனது. சேமிப்பு, உள்கடன், வங்கி என்று பழகின பிறகு 2003ல் 12 பேர் ஆளுக்கு 500 ரூபாய் போட்டு அந்தக் கடையைப் பிடித்தோம். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு திண்ணை. வாடகை 400 ரூபாய். அதற்கே, "பொம்பளைங்க கடை எத்தனை நாளைக்கு ஓடும்?" என்று எதிர்த்த டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். 22 வருசம் ஓடியது. பந்தயம் கட்டினவர்களில் இரண்டு பேர் தங்கள் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப்பெட்டி நம்மிடம்தான் வாங்கினார்கள்.

அந்தக் கடையில் என்னவெல்லாம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். சீர்ப்பெட்டி, மூடிபோட்ட மிட்டாய்ப்பெட்டி, கருப்பட்டி போடும் கொட்டான், கைப்பிடி வைத்த கூடை, விசிறி, பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை. திருச்செந்தூர் ஆவணித் திருவிழாவுக்கும் மாசித் திருவிழாவுக்கும் போகிற சனம் பஸ்ஸை விட்டு இறங்கி வாங்கிப் போகும். கார்த்திகை வந்தால் கொழுக்கட்டை அவிக்க ஓலை கேட்டு வருவார்கள். அதை நாம் விற்றதே கிடையாது, சும்மாதான் கொடுப்போம்.

ஆனால் எனக்குக் கடை என்றால் நினைவுக்கு வருவது உள்ளே இருந்த அலமாரி இல்லை. வெளியே இருந்த திண்ணை. செவ்வாய்க்கிழமை தோறும் சரக்குக் கொண்டு வருகிற நாள். காலை பத்து மணிக்கு வந்தால் மூன்று மணி வரைக்கும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். ஒருத்தர் ஓலையில் ஈர்க்கு வாருவார். ஒருத்தர் விளிம்பு கட்டுவார். மீன் என்ன விலை, பேரன் என்ன படிக்கிறான், வங்கியில் எந்த நோட்டைக் கேட்டார்கள், எல்லாம் அங்கேதான் பேசப்படும்.

மூத்த ஆச்சி ஒருத்தர் நமக்கெல்லாம் பெட்டி மூடி செய்யச் சொல்லிக் கொடுத்தவர். நான் செய்த மூடி இறுக்கமாக உட்கார்ந்தது. எனக்குப் பெருமை. ஆச்சி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, மூடி பெட்டியைப் பிடிக்கக் கூடாது. மழைக்காலத்துல ஓலை ஊறும், அப்ப இதைத் திறக்கவே முடியாது. ஒரு ஓலை அகலம் விட்டு முடை" என்றார். இது எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை. திண்ணையில் இருந்தது.

கணவர் தவறிய ஒரு தங்கச்சி, பதினாறாம் நாள் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து உட்கார்ந்தாள். கையில் ஓலை இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த மதினி பாதி முடைந்த விசிறியை அவள் மடியில் வைத்தார். அவ்வளவுதான். அந்தத் தங்கச்சி இன்று நம் கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிறாள்.

இப்படிப்பட்ட கடை ஏன் மூடியது? கட்டடக்காரர் இடிக்கப் போகிறார், மூன்று மாதத்தில் காலி பண்ணுங்கள் என்று சொன்னார். அது உண்மை. 400 ரூபாயாக இருந்த வாடகை 3,500 ஆகியிருந்தது. அதுவும் உண்மை. பனை ஏற ஆள் குறைந்துவிட்டது. செங்கல் சூளைக்கு வெட்டினதுபோக மிச்சம் இருக்கிற மரத்தில் ஒரு குருத்து வாங்க 20 ரூபாய். நாம் தொடங்கும்போது 3 ரூபாய். எல்லாமே உண்மைதான். ஆனால் இதையெல்லாம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் நான் பாதிக் கணக்குக் காட்டின பொறுப்பாளர் ஆவேன். மீதிக் கணக்கு நம் பக்கம் இருக்கிறது. முதலில் என் பக்கம்.

2018 ஐப்பசியில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் 300 தாம்பூலப் பெட்டி கேட்டு 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். அடைமழை. ஓலை சரியாகக் காயவில்லை. சாயம் போட்ட ஓலை தொட்டால் சில்லென்று இருந்தது. நாள் நெருங்குகிறதே என்று நான்தான் பாலித்தீன் சாக்கில் போட்டுக் கட்டச் சொன்னேன். நாலு நாள் கழித்துப் பிரித்தால் பெட்டி எல்லாம் கருப்புப் பூஞ்சணம். கல்யாண வீட்டில் வாங்கவில்லை. நான் கம்மலை அடகு வைத்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நோட்டில் "ஆர்டர் ரத்து" என்று இரண்டே வார்த்தை எழுதினேன். வெட்கம். பொறுப்பாளருக்கே ஓலை காயவைக்கத் தெரியவில்லை என்று சொல்வார்களே என்ற பயம்.

அடுத்த வருசம் மழையில், கருப்பட்டிக் கொட்டான் ஆர்டரில், இன்னொரு குழு அதே தப்பைச் செய்தது. அதே பாலித்தீன் சாக்கு. அதே பூஞ்சணம். நான் நோட்டில் உண்மையை எழுதியிருந்தால் அவர்களுக்கு அந்த நட்டம் வந்திருக்காது. கம்மலை மீட்டுவிட்டேன். அந்தக் குழுவிடம் இன்றுவரைக்கும் சொல்லவில்லை. இன்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன். மன்னிச்சுக்கோங்க.

அதே 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு அரசு தடை போட்டது. இனி நம்ம காலம் என்று நினைத்தோம். மிட்டாய்க் கடைக்காரர்கள் தேடி வந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்டது ஓலைப் பெட்டி, சொன்ன விலை பிளாஸ்டிக் டப்பா விலை. ஏன் கட்டாது என்று எடுத்துச் சொல்ல நம்மிடம் கணக்கு இல்லை. அதற்குப் பிறகு 2020 மார்ச்சில் ஊரடங்கு. திருவிழா இல்லை, பஸ் இல்லை, கடைக்கு ஆள் இல்லை.

கடையைத் திறந்த பிறகு ஒரு வியாபாரி வண்டி எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். கடை கொடுப்பதைவிடக் கூடைக்கு 10 ரூபாய் கூட, கையில் ரொக்கம். வீட்டில் கஷ்டம். யார் வேண்டாம் என்பார்கள்? ஒருத்தர் கொடுத்தார், பிறகு நாலு பேர், பிறகு எல்லாரும். நல்ல கூடை வியாபாரிக்கு, விளிம்பு கோணின கூடை கடைக்கு. நானும் கொடுத்தேன். பகலில் கடைச் சாவி என் இடுப்பில், சாயங்காலம் என் கூடை அவர் வண்டியில்.

இரண்டு வருசத்தில் கடை அலமாரியில் ஒதுக்கின சரக்குதான் நின்றது. வாடிக்கையாளர் வந்து பார்த்துவிட்டு, "முன்ன மாதிரி இல்லையேம்மா" என்று போனார்கள். அதற்கு அப்புறம் வியாபாரி விலையைக் குறைத்தார். தெற்குத் தெருவில் 150, வடக்குத் தெருவில் அதே கூடைக்கு 130. இது நமக்குத் தெரிய எட்டு மாதம் ஆயிற்று. ஏன் என்றால் செவ்வாய்க்கிழமை திண்ணைக்கு யாரும் வரவில்லை. திண்ணை இருந்தபோது யார் கூடைக்கு என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். அவரவர் வீட்டு வாசலில் நின்று விற்றபோது ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்த வியாபாரியை நான் குறை சொல்லவில்லை. அவர் தன் தொழிலைச் செய்தார். நாம் நம்முடையதைச் செய்யவில்லை.

கடையைக் காலி பண்ணும்போது தீர்மான நோட்டை எடுத்துப் படித்தேன். கடைசி 14 மாதமும் ஒரே வரி: "கடை பற்றி விவாதிக்கப்பட்டது." என்ன விவாதித்தோம்? ஒன்றும் இல்லை. கடன் தவணை பேசி முடிக்கும்போது நேரமாகிவிடும், அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அந்தக் கையெழுத்தில் என்னுடையதும் உண்டு.

2025 மார்ச் 31, கணக்கு முடிக்கிற நாளில் பூட்டினோம். அன்றைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தால் கடை மூடுகிறது என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு அம்மா, "என் கல்யாணச் சீர்ப்பெட்டி இன்னும் அரிசிப் பெட்டியா இருக்கு, என் பேத்திக்கு ஒண்ணு வேணும்" என்று வந்தார். கொடுக்கச் சரக்கு இல்லை. ஆச்சி மட்டும் எதையும் கேட்கவில்லை. சுவரில் தொங்கின அளவுக் குச்சியை எடுத்துக்கொண்டார். பனை மட்டையில் சீவி, எந்தப் பெட்டிக்கு எவ்வளவு அகலம் என்று கத்தியால் கோடு கீறின குச்சி. 22 வருசமாக நம் சரக்கெல்லாம் அதில்தான் அளந்தோம்.

சரி, இனி என்ன? நான் மூன்று காரியம் கேட்கிறேன்.

முதலாவது, விலையில் நம் கூலியைச் சேர்க்க வேண்டும். போன மாதம் நானும் கணக்கு எழுதும் தங்கச்சியும் ஒரு கைப்பிடிக் கூடைக்குக் கணக்குப் போட்டோம். இரண்டு குருத்து 40 ரூபாய். சாயமும் விறகும் 10. கடையில் விலை 180. கடைப் பங்கு பத்து சதவீதம் போக நமக்கு மிஞ்சுவது 112. ஓலை கிழித்து, சாயம் காய்ச்சி, முடைந்து, விளிம்பு கட்ட மொத்தம் 10 மணி நேரம். மணிக்கு 11 ரூபாய். எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 90 ரூபாய்கூட இல்லை. 2024-25ல் நூறு நாள் வேலைக்கு நம் மாநிலத்தில் அறிவித்த கூலி 319 ரூபாய். இத்தனை வருசம் "லாபம்" என்று நாம் எழுதியது நம் முதுகு வலியைத்தான். எல்லாக் கூடையையும் நாளைக்கே 400 ரூபாய்க்கு விற்க முடியாது, தெரியும். ஆனால் எந்தப் பொருள் கட்டும், எது கட்டாது என்று தெரிந்து செய்யலாம். விசிறியும் சின்ன மிட்டாய்ப்பெட்டியும் கூடையைவிட நன்றாகக் கட்டுகிறது. இது எங்களுக்கே புதுச் செய்தி.

இரண்டாவது, நட்டத்தை நோட்டில் எழுத வேண்டும். எவ்வளவு, ஏன், அடுத்த தடவை என்ன செய்வது என்று எழுத வேண்டும். எழுதினவரை யாரும் ஏசக் கூடாது. கடன் கட்டத் தவறினால் குழுவில் பேசுகிறோம் இல்லையா, அதே மாதிரி.

மூன்றாவதுதான் முக்கியம். கடைக் கணக்கில் எல்லாம் போக 18,600 ரூபாய் இருக்கிறது. பங்குதாரர் இப்போது 31 பேர். பிரித்தால் ஆளுக்கு 600 ரூபாய். அதில் ஒரு கேஸ் சிலிண்டர் வாங்க முடியாது. பிரிக்க வேண்டாம் என்று கேட்கிறேன். நம் கூட்டமைப்புக் கட்டடத்தில் முன்னறை வாரத்தில் ஐந்து நாள் பூட்டித்தான் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் அதைத் திறந்து கொடுங்கள். இந்தப் பணத்தில் குருத்து மொத்தமாக வாங்கி, பரணில் காயவைத்து மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்வோம். கடை வேண்டும் என்று நான் இப்போது கேட்கவில்லை. திண்ணை வேண்டும் என்று கேட்கிறேன். எல்லார் விலையும் எல்லாருக்கும் தெரிகிற ஒரு இடம். வியாபாரி வரட்டும், அங்கே வந்து எல்லார் முன்னாலும் விலை பேசட்டும். திண்ணை நின்றால் கடை ஒருநாள் திரும்ப வரும். திண்ணை இல்லாமல் கடை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம்.

ஆச்சிக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. விரலால் தடவித்தான் முடைகிறார். மூடிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள் ஆறு பேர். எங்களில் யாருக்கும் வயது நாற்பதுக்குக் கீழே இல்லை. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று சொல்வார்கள். பலன் நமக்கு வராவிட்டாலும் பிள்ளைகளுக்கு இந்தக் கை போய்ச் சேர வேண்டும். இங்கே பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிற பிள்ளைகளே, உங்களைத்தான் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை வாங்க. போனையும் கொண்டு வாங்க. படம் எடுத்து ஆர்டர் பிடிக்க எங்களுக்குத் தெரியாது, நீங்கள் சொல்லிக்கொடுங்கள். விளிம்பு கட்ட நாங்கள் சொல்லித் தருகிறோம்.

ஆச்சி இன்று வர முடியவில்லை. இந்த அளவுக் குச்சியை என்னிடம் கொடுத்து அனுப்பினார். "சும்மா காட்டிட்டு வராத, எங்க மாட்டணும்னு கேட்டுட்டு வா" என்றார். தலைவி அவர்களே, கூட்டம் முடிவதற்குள் தீர்மானம் போட்டுச் சொல்லுங்கள். முன்னறையில் ஒரு ஆணி போதும்.