பழைய நிலப்படமும் பாழடைந்த திருக்கோயிலும்

(குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



குடமுழுக்கு நன்னாளில் நிலப்படத்தைப் பற்றிப் பேசுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே அடியேன் துணிபு. இந்நாட்டு நிலப்படம் உருவாவதற்கு நம் திருக்கோயில்களே தோள்கொடுத்தன.

1802-இல் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து, நாட்டை முக்கோணங்களாக வகுத்து அளக்கலானார். மலையற்ற சமவெளியில் கோபுரங்களே அவருக்கு மலைகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றுங்கால், கயிறு அறுந்து, கருவி மோதிச் சிதைந்தது. அதனைத் தாமே செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார்.

அவ்வளவையின் வழிவந்த படங்களுள், ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டுவன பல. ஏரி, குளம், கால்வாய், கோயில், பாழிடம் ஆகிய அனைத்தும் அவற்றில் உள. இத்தகைய பழம்படங்களைப் பல நாட்டு நூலகங்கள் இன்று இணையத்தில் வைத்துள்ளன. அவற்றைத் தேடித் தருதற்கென்றே 'ஓல்ட் மேப்ஸ் ஆன்லைன்' என்னும் தளமும் 2012 முதல் உளது.

தேடும் முறை எளிது. பழைய படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்து நோக்குக. அன்று குளம் இருந்த இடத்தில் இன்று தெருக்கள் இருக்கலாம். கோயிற்குறி இருந்த இடத்தில் இன்று முட்புதர் மண்டியிருக்கலாம். அங்கே நேரிற் சென்று, ஊர்ப் பெரியோரை வினவுக. ஊர்ப்பெயர்களைப் படிப்பதில் விழிப்பு வேண்டும். திருவண்ணாமலை அப்படங்களில் 'டிரினோமலி' ஆகும். திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாபோலி' ஆகும். 'டிரி' என்று கண்டால், அதனுள் ஒரு 'திரு' மறைந்திருத்தல் கூடும்.

ஆயினும், படம் இடத்தைக் காட்டுமேயன்றி வரலாற்றை உரையாது. மேற்பாடியில் ஒரு கோயில் உண்டென்று படம் சொல்லும். அது முதலாம் இராசராசன் தன் பாட்டனார் அரிஞ்சயர்க்கு எடுப்பித்த பள்ளிப்படை என்பதைக் கல்வெட்டன்றோ சொல்லும்! ஆதலின் எழுத்துள்ள கல்லைச் சுண்ணாம்பால் மறைக்கற்க. எவ்விடத்தும் நாமே தோண்டவும் வேண்டா. புதையுண்ட பொருள் கிடைப்பின், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியர்க்கு அறிவித்தல் கடன். தொல்லியல் துறையினர்க்கும் தெரிவித்தல் நன்று.

இனி, நம் லாங் பஜாருக்கு அணித்தே உள்ள கோட்டையை நினைமின். அங்குள்ள சலகண்டேசுவரர் ஆலயம் எவர் கண்ணுக்கும் மறைந்ததன்று. கோபுரமும் கல்யாண மண்டபமும் நின்றன. கருவறையோ நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தது. 1981 மார்ச் 16-ஆம் நாளன்றே சத்துவாச்சாரியினின்றும் சிவலிங்கம் எழுந்தருளிற்று. இடம் தெரிந்தது மட்டும் போதவில்லை. அன்பர்களின் உள்ளம் எழவேண்டியிருந்தது.

ஆகவே, செல்வர்களே! புதியதோர் ஆலயம் எடுக்க எண்ணுங்கால், உங்கள் ஊரின் பழம்படத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். ஒருவேளை விளக்கின்றிக் கிடக்கும் பழங்கோயில் ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கலாம். அதற்கு ஒரு விளக்கேற்றுதல் புதியன பல எடுப்பித்தலினும் குறைந்த புண்ணியமன்று. படம் வழிகாட்டும், நடக்க வேண்டியவர் நாமே.

திருவருள் முன்னிற்பதாக!