தேன்சிட்டைப் படம்பிடிக்கும் முறை

தேன்சிட்டு வராத தோட்டத்து வீடு இல்லை. மலாய்க்காரர்கள் அதைக் கெலிசாப் என்பார்கள். நம் நடுவிரலைவிடச் சற்றுப் பெரிய குருவி. ஆணுக்குக் கழுத்தும் மார்பும் கருநீலமாக மின்னும், வயிறு மஞ்சள். பெண்ணுக்குக் கருநீலம் கிடையாது. செம்பருத்தியிலும் இட்லிப் பூவிலும் தேன் குடிக்கக் காலையில் வந்துவிடும். கண்டவுடன் நம் பிள்ளைகள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பிறகு படத்தைப் பார்த்தால் இலை இருக்கிறது, பூ இருக்கிறது, குருவியைக் காணோம்! இருந்தாலும் புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்புப் புள்ளிதான்.

இதற்குக் கைப்பேசியைக் குறை சொல்ல வேண்டாம். துரத்துகிறவனுக்குக் குருவி கிடைக்காது. காத்திருக்கிறவனிடம் அதுவே வரும். இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். 1892ஆம் ஆண்டிலேயே முட்டைகளோடு கூடிய பறவைக் கூட்டைப் படம்பிடித்தவர்கள். பின்னர் அவர்கள் மாட்டுத் தோலைப் பாடம்செய்து, உள்ளே வெற்றிடம் விட்டு, அதற்குள் புகுந்துகொண்டு புல்வெளியில் நின்று படமெடுத்தார்கள். மாட்டைக் கண்டு பறவை பயப்படுவதில்லை. நம்மில் மாடு வளர்ப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்; மேயும் மாட்டின் காலடியிலேயே மைனா பூச்சி பொறுக்குகிறது அல்லவா?

நமக்கு மாட்டுத் தோல் தேவையில்லை. வீட்டுச் சன்னலே போதும். முதல் இரண்டு மூன்று நாள் கைப்பேசியைத் தொடாமல், உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். தேன்சிட்டு பறந்தபடியே நெடுநேரம் தேன் குடிப்பதில்லை. காம்பிலோ கிளையிலோ உட்கார்ந்துதான் குடிக்கும். எந்தக் கிளையில் அடிக்கடி உட்காருகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தக் கிளைக்கு இரண்டடி தள்ளிக் கைப்பேசியைச் செங்கல்லின்மேலோ மைலோ டின்னின்மேலோ சாய்த்து வையுங்கள். திரையில் அந்தக் கிளையை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், பல கைப்பேசிகளில் குவியம் அங்கேயே நின்றுவிடும். பிறகு வீடியோவை ஓடவிட்டு உள்ளே வந்துவிடலாம். சில வெள்ளிக்குக் கிடைக்கும் கம்பியில்லாப் பொத்தான் இருந்தால், தூரத்திலிருந்தே படமும் எடுக்கலாம்.

திரையில் இரண்டு விரலை விரித்துப் பெரிதாக்குவதை நான் விரும்புவதில்லை. பெரும்பாலான கைப்பேசிகளில் அது ஓர் அளவைத் தாண்டினால் படத்தை வெட்டிப் பெருக்குவதே அன்றி, குருவியை அருகில் கொண்டுவருவதல்ல. காமிரா உள்ளவர்கள் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வைத்துக்கொள்ளுங்கள். தேன்சிட்டு ஒரு கணமும் சும்மா இருக்காது.

வெளிச்சம் காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை நன்றாக இருக்கும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். எதிரே இருந்தால் அந்தக் கருநீலம் வெறும் கறுப்பாகிவிடும். கண் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கண் மங்கினால், மற்றதெல்லாம் தெளிவாக இருந்தாலும் படத்தில் உயிர் இராது.

இனி, பெற்றோர்களும் கேட்க வேண்டிய ஒரு செய்தி. தேன்சிட்டு மனிதரை நம்பி வீட்டோரத்திலேயே கூடு கட்டும். துணி காயப்போடும் கம்பியிலும் தொங்கவிட்ட பூச்சட்டியிலும் சுருக்குப்பை போலத் தொங்கும். பெரும்பாலும் இரண்டு முட்டைகள். கூடு நன்றாகத் தெரியட்டும் என்று சிலர் மறைக்கும் இலைகளை வெட்டிவிடுகிறார்கள், கிளையை வளைத்துக் கட்டுகிறார்கள். இலை போனால் வெயில் குஞ்சைச் சுடும். காகத்துக்கும் வழி தெரிந்துவிடும். திரும்பத் திரும்ப அருகே போனால் தாய் கூட்டையே கைவிட்டுவிடலாம். அந்தக் கம்பியில் கூடு இருக்கும்வரை துணியை வேறு கம்பியில் போடுங்கள், கைப்பேசியை வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

குஞ்சு பொரித்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அவை வெளியே வந்துவிடும். அப்போது பக்கத்துக் கிளையில் ஒட்டி உட்கார்ந்து வாயைத் திறந்து கத்தும். தாயும் தகப்பனும் மாறிமாறி வந்து ஊட்டும். சன்னலோரம் தயாராக இருங்கள்.